ஒரே சாயங்காலத்து அழுகைகள்

மூன்று, ஆறு, ஏழு. காலையிலிருந்து இந்த எண்களை அரசி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள், கல் கலந்த சோற்றை நாக்கால் தடவிப் பார்ப்பவளைப் போல. சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரின் வெளி அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. ஏசி காற்று நேராகக் கழுத்தில் இறங்காத நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் முந்தானையைத் தொண்டையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சாருமதி பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய வரிகள் முடிய நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள், அதற்குப் பிறகு அரசி. பஞ்சு அடைத்த கனத்த கதவு. உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. வராத சத்தத்தைக் கேட்க முயல்வதும் ஒரு வேலைதான் என்று தோன்றியது. சாருமதி பேச வேண்டியது எறும்புக் கூட்டமும் ஒரு சின்னப் பெண்ணும், மொத்தம் இருபது வரி. அதற்கு எதற்கு நாற்பது நிமிடம்? நடுவில் ஜிகுருவின் வரி ஒன்றிரண்டைப் பேசச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பார்களோ? சும்மா, விளையாட்டாக, 'சாரு, இத ஒரு தடவ சொல்லு பாப்போம்' என்று. இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். அரசியும் அப்படித்தான் வந்தாள். பதினான்கு வருடத்துக்கு முன்னால், இதே கதவுக்குப் பின்னால், இன்னொருத்தி வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

ஜிகுரு ஒரு சில்வண்டு. 'பூச்சிக்கப்பல்' என்ற பொம்மைப்படத் தொடரில் கப்பலோட்டும் பூச்சிகளுக்கு நடுவே இருக்கும் பயந்தாங்கொள்ளி, வாயெடுத்தால் பொய். எந்த நாட்டிலோ வரைந்து எந்த மொழியிலோ பேசிய சில்வண்டுக்குத் தமிழில் குரல் அரசியுடையது. சின்னப் பையன்களின் குரலைப் பெண்கள்தான் பேசுவார்கள், பையன்களின் குரல் உடைந்துவிடும், பெண்களுடையது உடையாது என்பது தொழிலின் நம்பிக்கை. தினமும் மாலை ஐந்தரைக்குத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த தொடர் இப்போது இணையத்துக்குப் போய்விட்டது. ஒரு ஆப், வெள்ளிக்கிழமைக்கு இரண்டு எபிசோடு. நாலு வாரத்தில் எட்டு வந்திருக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமல் பார்த்த பிள்ளைகள் இன்று மீசை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, 'பூச்சிக்கப்பல் பயணிகள்' என்று டெலிகிராமில் ஒரு குழு நடத்துகிறார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர். அதில் 'கடலோடி' என்ற பெயரில் அரசியும் இருக்கிறாள். அவள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நேற்று மாலை வரை நினைத்திருந்தாள். நேற்று மாலை 'கொடுக்காப்புளி' என்று பெயர் வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: 'மூணாவது, ஆறாவது, ஏழாவது எபிசோடுல மட்டும் ஜிகுரு அழற அழுகை வேற. மத்ததுல குரல் அழுவுது. இந்த மூணுலயும் தொண்டை அழுவுது.'

அவள் அதைப் படித்தபோது அடுப்பில் ரசம் நுரை கட்டி வழிந்தது. பார்ப்பவர்களுக்கு மூன்றாவது ஒரு வாரம், ஆறாவது அடுத்த வாரம், ஏழாவது அதற்கடுத்த வாரம். ஆனால் டப்பிங்கில் எதுவும் வரிசையில் நடப்பதில்லை. படம் எது முதலில் வருகிறதோ அதை முதலில் பேச வேண்டும். மூன்று, ஆறு, ஏழு, மூன்றும் தாமதமாக ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரே நாள், ஒரே சாயங்காலம், ஏழு மணி நேரம் இடைவிடாமல் கத்தலும் அழுகையும் பேசி முடித்தாள். அந்தச் சாயங்காலத்தில்தான் தொண்டைக்குள் ஏதோ சுருங்கி, பிறகு விரியவில்லை. அசோக் நகர் டாக்டர் குழாயை இறக்கித் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிராக இரண்டு புள்ளி, வெந்த ஜவ்வரிசி மாதிரி. 'ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசறதும் கூடாது, அது கத்தறதவிட மோசம். இப்படியே போனா கத்தி வைக்க வேண்டியிருக்கும், வச்சாலும் பழைய குரல் வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்' என்றார். ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு எபிசோடு. பன்னிரண்டு எபிசோடு சாருமதி பேசினால் பதிமூன்றாவது எதற்கு அரசிக்கு வரும்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை மௌன விரதம் என்றாள். பிறகு செவ்வாயையும் சேர்த்தாள். 'இருபது வருஷமா நான் கேட்டுக்கிட்டிருந்த வரம்டி இது, எந்தச் சாமி குடுத்துச்சு? அதுக்கு ஒரு தேங்கா உடைக்கணும்' என்றார் கணவர். அவள் சிரிப்பைக்கூட சத்தமில்லாமல் சிரித்தாள்.

ஆகவே அந்த மூன்று எண்களைச் சேர்த்து எழுதக்கூடிய ஆள், அந்தச் சாயங்காலம் இந்தக் கதவுக்கு உள்ளே இருந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். இருந்தவர்கள் மூன்று பேர். சவுண்ட் இன்ஜினியர் ஜெரால்டு. டப்பிங்கை நடத்தும் லோகு சார். மூலையில் தன் முறைக்குக் காத்திருந்த சாருமதி. ஜெரால்டு அன்றைக்கு மூன்று முறை 'அக்கா, தண்ணி குடிச்சிட்டு வாங்க' என்றான். ஒரு முறை சொன்னால் அக்கறை. மூன்று முறை சொன்னால்? அவன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் குரலைக் கண்ணால் பார்ப்பவன். திரையில் ஓடும் கோடு எங்கே கிழிகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஜெரால்டுக்கு எழுத வராது. 'ஓகே' என்பதைக்கூடக் கட்டைவிரல் படமாகத்தான் அனுப்புவான். லோகு சாருக்கு எழுத வரும். ஆனால் அவருக்கு அழுகையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தோன்றியிருந்தால் அங்கேயே 'இன்னொண்ணு போலாம்' என்றிருப்பார். ஒருவேளை வேண்டுமென்றேதான் சொல்லவில்லையோ? இரண்டு வாரமாக அவர் அவளை 'அரசிம்மா' என்கிறார். முன்பெல்லாம் வெறும் 'அரசி'தான். கம்பெனிக்காரர்கள் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பும் முன்னால் மரியாதையைக் கூட்டுவார்கள். அதை அவள் பலருக்கு நடந்து பார்த்திருக்கிறாள். சாருமதி போன வாரம் கைப்பையிலிருந்து சித்தரத்தைத் துண்டு எடுத்து நீட்டினாள். 'வாயில போட்டுக்கங்கக்கா, நல்லா இருக்கும்.' இருமாத ஆளுக்கு எதற்குச் சித்தரத்தை? அவளே சின்ன வயதில் ஜிகுருவைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஜிகுரு மாதிரிப் பேசிக் காட்டி வகுப்பில் கைதட்டல் வாங்கியதாக ஒருநாள் சொன்னாள், ரொம்ப வெகுளியாக. வெகுளியாகச் சொல்லப்படுவதெல்லாம் வெகுளியாக இருக்க வேண்டுமென்று சட்டமா என்ன. அரசி சித்தரத்தையை வாங்கினாள், வாயில் போடவில்லை.

செல்பேசியை எடுத்தாள். குழுவில் காலையிலிருந்தே சண்டை. குழுவை நடத்துபவன் ரியாஸ், மேலப்பாளையத்துப் பையன், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொள்கிறவன். 'டிவில வந்தப்ப ஜிகுரு ஒரு எபிசோடுக்குச் சராசரி பதினோரு பொய். நான் நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். ஆப்புக்கு வந்தப்புறம் ரெண்டு. சந்தா கட்டுனவன்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க போல' என்று எழுதியிருந்தான். கீழே 'தட்டான்' என்ற பெண்: 'திருந்தலப்பா, வளர்ந்துட்டான். முன்னாடியெல்லாம் பொய் சொல்றதுக்கு முன்னாடி சர்ர்னு ஒரு மூச்சு இழுப்பான்ல? இந்த சீசன்ல ஒரு தடவகூட இழுக்கல. பயம் போயிடுச்சு அவனுக்கு. எழுதுனவங்க காலத் தொட்டுக் கும்பிடலாம்.' அதற்கு நூற்றுப் பத்து இதயங்கள். அரசி அதை நான்கு முறை படித்தாள். அந்த மூச்சை யாரும் எழுதவில்லை. முதல் நாள் முதல் வரியில் பதற்றத்தில் அவள் தவறாக இழுத்த மூச்சு அது. 'அத விடாத, நல்லாருக்கு' என்று லோகு சார் வைத்துக்கொண்டார். இந்த சீசனில் அவள் அதை விட்டுவிட்டதற்குக் காரணம், சீசன் தொடங்கும் முன்பிருந்தே அப்படி இழுத்தால் தொண்டையில் வைக்கோல் சிராய்ப்பது போல எரியும் என்பது மட்டுமே. வலியை வளர்ச்சி என்று மூவாயிரம் பேர் கொண்டாடுகிறார்கள். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது, மறுகணம் திருடியைப் போல நிமிர்ந்து அறையைப் பார்த்தாள். தண்ணீர் கேனைத் தவிர யாருமில்லை. இன்னும் ஒரு பையன் புலம்பியிருந்தான்: 'என்ன இருந்தாலும் டிவி டிவிதான். அஞ்சரைக்கு எங்க தெருவே சிரிக்கும். இப்ப நான் பாத்துட்டு சிரிச்சா, எங்க அண்ணன் நாளைக்குத்தான் பாக்குறான், சொல்லிடாதடா சொல்லிடாதடான்னு காதப் பொத்துறான்.' அதற்காகவே குழுவில் ஒரு விதி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்ததைப் பற்றி ஞாயிறு மாலை ஏழு வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வெளியே.

கொடுக்காப்புளி மறுபடி வந்திருந்தார். 'வளர்ச்சிதான், இல்லேங்கல. ஆனா அந்த மூணு அழுகையும் வளர்ச்சி இல்ல. ஏழாவதுல பதினாலாவது நிமிசம், ஐயோன்னு சொல்றப்ப ஐ வருது, யோ வரல. காத்துதான் வருது.' பதினான்காவது நிமிடம். அந்த 'யோ'வை ஜெரால்டு அலைகளின் இரைச்சலை ஏற்றி மூடியிருந்தான், அவளே காதில் ஹெட்போன் மாட்டித் தேடித்தான் கண்டுபிடித்தாள். இந்த ஆள் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறான். முதலில் எபிசோடு, இப்போது நிமிடம், நாளைக்குப் பெயர். ஸ்டிக்கர் போடுவதில்லை, நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை, வாரத்துக்கு இரண்டு வரி. ரசிகன் இப்படியா இருப்பான்? ரசிகன் என்றால் உளறுவான். உளறாதவன் அறிக்கை எழுதுகிறவன். யாருக்கு அறிக்கை? உடனே பதில் போட வேண்டும், பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று தோன்றியது. கதவு எந்த நிமிடமும் திறக்கலாம். வேகமாகத் தட்டினாள்: 'அழுகை மாறினது குரலால இல்லைங்க, அவன் மனசால. சும்மா குரலையே நோண்டாதீங்க. பத்தாவதுல கேப்டனைத் தப்பிக்க விட்டுட்டுத் தன்னைப் பாய்மரத்துல கட்டிக்கிட்டு நிக்கிறானே, அப்ப அழவே மாட்டான். அந்த இடத்துக்குத்தான் இதெல்லாம் படி.' அனுப்பினாள். நன்றாக எழுதிவிட்டோம் என்றுகூட நினைத்தாள். ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். மூடியைத் திருகும்போது கை நின்றது.

பத்தாவது வரவில்லை. எட்டுதான் வந்திருக்கிறது. பத்தாவது வருவதற்கு இந்த வெள்ளி வர வேண்டும். அவளுக்குப் பத்தாவது முடிந்து மூன்று வாரமாகிவிட்டது. அந்தப் பாய்மரத்தில் அவள்தான் கட்டுண்டு நின்றாள், கேப்டன் குளவி போய்விட்டது, காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கும் போய்விட்டாள். பேசி முடித்தது நடந்து முடிந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அது இன்னும் நடக்கவில்லை என்பதைப் பேசுகிறவள் எப்படி ஒவ்வொரு நிமிடமும் நினைவில் வைத்திருப்பாள்? வெளிவராத எதையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கம்பெனி காகிதத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அனுப்பியதை அழித்தாள். அழிப்பதற்குள் திரையைப் படமெடுத்துவிட்டார்கள். தட்டான்: 'பத்தாவதா???' இன்னொருவன்: 'தல, காலண்டர் பாருங்க.' இன்னொருவன்: 'கடலோடி நாளைய கடல்ல ஓடிட்டாரு.' பிறகு சிரிப்பு நின்றது. 'இது கம்பெனி ஆளுடா. நாலு வாரமா நம்ம நடுவுல உக்காந்து நம்ம என்ன பேசுறோம்னு எழுதிக்கிட்டிருக்கு.' 'அதான் எப்பப் பாத்தாலும் வளர்ச்சி வளர்ச்சின்னு நமக்கே விக்கிதா?' 'நான் அப்பவே சொன்னேன், ஒரு ஸ்டிக்கர்கூட போடாத ஆள நம்பாதீங்கன்னு.' அரசிக்கு அபத்தமாகச் சிரிப்பு வந்தது. 'நான்தாண்டா உங்க ஜிகுரு' என்று எழுதிவிடலாம். எழுதினால் மாலைக்குள் லோகு சாருக்குப் போய்விடும். எழுதாவிட்டால் மூவாயிரம் பேருக்கு அவள் உளவாளி. ரியாஸ் எழுதினான்: 'மன்னிச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை விதியே இங்க நாங்க உசுரா வச்சிருக்கோம். நீங்க அடுத்த வாரத்தையே ஒடச்சிட்டீங்க. கம்பெனிக்காரங்களுக்கு இங்க எடமில்ல.' அடுத்த நொடி குழு இல்லை. பதினான்கு வருடம் அவள் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரொம்ப மரியாதையாக.

தனியாக ஒரு செய்தி வந்து நின்றது. கொடுக்காப்புளி. எழுத்தல்ல, குரல் பதிவு. ஒரு நிமிடம் நாற்பது நொடி. மிரட்டல்தான், இனி வேறென்ன. திறந்தால் அவர் பக்கம் இரண்டாவது டிக் விழும், அவள் கேட்டது தெரிந்துவிடும். திறக்காமல் உள்ளே போய் ஜெரால்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசுவது? செல்பேசியைக் காதோடு ஒட்டி வைத்தாள். 'வணக்கம்ங்க. எம் பேரு செல்லமுத்து. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல பதினாறு வருசம் காய்கறி ஏலம் கூவுனவன். இப்பக் கூவுறதில்ல. பாப்பாவோட உக்காந்து பூச்சிக்கப்பல் பாப்பேன். நீங்க கம்பெனி ஆளு இல்லீங்க. நீங்கதான் பேசுறது. அந்த மூணைச் சொன்னதும் அப்படிப் பதறுனீங்களே, அதுல தெரிஞ்சுது. அந்த மூணும் ஒரே சாயங்காலம் பேசுனதுதானுங்களே? முகூர்த்தத்துக்கு மொத நாளு தக்காளி வண்டி வந்து குமியும். அன்னிக்குச் சாயங்காலம் எனக்கும் இப்படித்தான் இருக்கும். முழுங்குறப்ப வலிக்காது. பேசி நிறுத்துனப்புறந்தான் வலிக்கும். டாக்டரு ஆறு வாரம் வாய மூடுன்னாரு. ஆடி வந்தா முகூர்த்தம் இருக்காது, அப்பப் பாத்துக்கலாம்னு சொன்னேன். ஆடி வந்துச்சு. குரல் வரல. குழுவுல எழுதுனது தப்புத்தாங்க. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. வச்சிர்றேன்.'

முதல் ஐந்து நொடி அவள் நம்பவில்லை. கதை நன்றாக இருந்தது, நன்றாக இருக்கும் கதைகளைச் செய்வதுதான் அவள் பிழைப்பு. ஆனால் காது மனதைவிட முன்னால் ஓடியது. பதினான்கு வருடத்தில் அவள் எத்தனையோ கரகரப்புப் பேசியிருக்கிறாள், குடிகாரன், சூனியக்காரி, தொண்டையில் அம்பு பட்ட தளபதி. நடிக்கும் கரகரப்பு ஒரே இடத்தில் கரகரக்கும், ஒழுங்காக. இந்தக் குரலில் 'தக்காளி' முழுதாக வந்தது, 'வண்டி'யில் பாதி இல்லை, 'பாப்பா'வில் வெறும் காற்று. எங்கே போகும் எங்கே வரும் என்று பேசுகிறவருக்கே தெரியாத குரல். இதை யாராலும் நடிக்க முடியாது. ஜெரால்டாலும், சாருமதியாலும், அவளாலும்கூட. அவர் எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார் நீங்கள், எவ்வளவு கொடுப்பார்கள், ஒரு வரி பேசிக் காட்டுங்கள், எதுவும் இல்லை. சந்தேகத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிகூட இல்லாத பேச்சு. உளவாளி யாருமில்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. யாரோ தன்னைக் கவிழ்க்கிறார்கள் என்ற நினைப்பு இரண்டு வாரமாக அவளை ஒரு வேலியைப் போலச் சுற்றி நின்றிருந்தது. வேலி போனதும் உள்ளே அந்த இரண்டு ஜவ்வரிசிப் புள்ளிகள்தான் இருந்தன, வேறு ஒருவருமில்லை. மறுபடி ஒரு முறை கேட்டாள். 'ஆடி வந்துச்சு. குரல் வரல.' அதை அவர் சோகமாகச் சொல்லவில்லை, சந்தை விலை சொல்வது போலச் சொன்னார்.

கதவு திறந்தது. சாருமதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். 'எறும்புக் கூட்டம் உயிர எடுத்திருச்சுக்கா. இருபது எறும்பும் தனித்தனியா சாவணுமாம் லோகு சாருக்கு. நீங்க போங்க.' அரசி அவள் முகத்தைப் பார்த்தாள். வியர்வைதான் இருந்தது. உள்ளே போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். தாங்கியில் பதிமூன்றாவது எபிசோடின் காகிதம், எதிர்த் திரையில் ஜிகுரு பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் ஜெரால்டு, அவனுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக் காகிதத்தைப் பார்த்தபடி லோகு சார். ஹெட்போனில் ஜெரால்டின் குரல் வந்தது: 'சின்னச் சின்ன வரியெல்லாம் முதல்ல முடிச்சிடலாம்க்கா, கத்தல் கடைசில. ரோலிங்.' சிவப்பு விளக்கு எரிந்தது. ஜிகுரு வாயசைத்தான். அரசி சொன்னாள்: 'ஜெரால்டு, எனக்குத் தொண்டையில கட்டி. ஆறு வாரம் பேசக் கூடாதாம்.' ஜெரால்டின் கண் திரையில் ஓடும் கோட்டில் இருந்தது. நாளுக்கு ஆயிரம் வரி கேட்கிறவன், சத்தத்தைக் கேட்பான், அர்த்தத்தைக் கேட்பதில்லை. 'ஓகேக்கா. நடுவுல கொஞ்சம் பிசிறு. ஒன் மோர் போலாம்' என்றான். லோகு சார் அந்த வரியைத் தேடிக் காகிதத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி மேலிருந்து ஓட்டினார். விரல் நின்றது. ஜெரால்டின் கையும் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. விளக்கு இன்னும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. அரசி மைக்குக்கு ஒரு அங்குலம் கிட்டே வந்து, பிசிறில்லாமல், இன்னொரு முறை சொன்னாள்.